சான் மமேஸில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினில் ஒரு லா லிகா (முதல் பிரிவு கால்பந்து லீக்) ஆட்டத்தையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்சிலோனாவையோ மாட்ரிட்டையோதான் நினைப்பார்கள். என்னிடம் யோசனை கேட்டால் நான் வடக்கே பாஸ்க் பகுதியில் இருக்கும் பில்பாவோவைச் சொல்லுவேன். அத்லெடிக் கிளப்பின் அரங்கமான சான் மமேஸ், நகரத்துக்கு நடுவில், ஒரு தெருவின் கோடியில் நிற்கிறது. ஆட்ட நாளில் ஊர் முழுக்க அதை நோக்கித்தான் நடக்கும். பில்பாவோ என்று சொன்னதும் வருகிற சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணா, அத்லெடிக்னா அத்லெடிகோ மாட்ரிட் தானே? ரெண்டும் சிவப்பு வெள்ளை கோடுதானே போடுறாங்க?

ரெண்டும் வேறு வேறு கிளப். அத்லெடிக் 1898-இல் பில்பாவோவில் தொடங்கியது. மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903-இல் அதற்கு ஒரு கிளையை ஆரம்பித்தார்கள். அது பிறகு தனியாகப் பிரிந்து இன்றைய அத்லெடிகோ மாட்ரிட் ஆனது. சட்டை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்த உறவுதான்.

டிக்கெட் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'பில்பாவோ அத்லெடிக்' என்று போட்டிருந்தால் அது கிளப்பின் இரண்டாம் அணி. அவர்கள் வழக்கமாக ஊருக்கு வெளியே லெசாமா பயிற்சி மைதானத்தில் ஆடுவார்கள். உங்களுக்கு வேண்டிய முதல் அணியின் பெயர் 'அத்லெடிக் கிளப்'.

வெளியூர் வீரரையே சேர்க்க மாட்டார்களாமே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி அல்ல. பாஸ்க் பகுதியில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே கால்பந்து பயின்று வளர்ந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் நவார்ரா மாகாணமும் பிரான்ஸ் பக்கமிருக்கும் பாஸ்க் ஊர்களும் இந்தக் கணக்கில் சேரும். இங்கே ஆடிய லிசராசு பிரான்ஸ் பக்கத்தில் பிறந்தவர். இன்னொரு வீரர் லப்போர்த் பிறந்தது பாஸ்க் பகுதிக்கு வெளியே, கால்பந்தில் வளர்ந்தது இங்கே. அணியில் ஆடும் வில்லியம்ஸ் சகோதரர்களின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். இனியாகி பிறந்தது பில்பாவோவில், நிக்கோ பிறந்தது பம்ப்லோனாவில். ஆகவே இது ரத்தத்தைப் பார்க்கிற விதி அல்ல, மண்ணைப் பார்க்கிற விதி.

இப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டும் முதல் பிரிவிலிருந்து அவர்கள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்தப் பெருமை ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் ஆகிய மூன்று கிளப்புகளுக்கு மட்டுமே உண்டு. இனியாகி வில்லியம்ஸ் 2016 முதல் 2023 வரை லா லிகாவில் தொடர்ந்து 251 ஆட்டங்களில் ஓர் ஆட்டத்தையும் விடாமல் ஆடினார். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக்கொடுக்க இந்த ஒரு தகவல் போதும்.

ஆட்ட அட்டவணை வந்துவிட்டது. இப்பவே விமான டிக்கெட் போட்டுவிடலாமா?

பொறுங்கள். அதிகம் பேர் பணத்தை விடுகிற இடம் இதுதான். சீசன் தொடங்குமுன் வெளியாகும் அட்டவணை எந்த வார இறுதி என்பதை மட்டுமே சொல்லும். ஞாயிறு என்று போட்டிருந்தாலும் ஆட்டம் வெள்ளி இரவிலிருந்து திங்கள் இரவு வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தொலைக்காட்சியின் வசதியைப் பார்த்துத்தான் நாளையும் மணியையும் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு ஆட்டத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் வெளியாகும்.

முன்கூட்டியே போட்டாக வேண்டும் என்றால் வெள்ளி மதியம் வந்து செவ்வாய் காலை கிளம்புகிற மாதிரி போடுங்கள். மிச்ச நாளுக்குக் குக்கென்ஹைம் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய நகரம் இருக்கிறது, கடற்கரைக்கு மெட்ரோவிலேயே போகலாம். நாள் வீணாகாது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் இந்தக் குழப்பம் குறைவு, தேதி சீக்கிரமே உறுதியாகிவிடும். கோப்பா தெல் ரே, அதாவது ஸ்பெயினின் மன்னர் கோப்பை, இறுதியாட்டம் வருகிற வார இறுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஆடும் அணிகளின் லீக் ஆட்டம் வேறு நாளுக்குப் போய்விடும்.

ஆட்டத்துக்கு டிக்கெட் எங்கே வாங்குவது? வாசலில் கிடைக்குமா?

கிளப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் வாங்குங்கள். சான் மமேஸில் சுமார் 53,000 இருக்கைகள். கிளப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கிற கிளப் இது. ஸ்பெயினின் பெரிய கிளப்புகளில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒசாசுனா ஆகிய மூன்றும் இதே வகை. ஆகவே பொதுமக்களுக்கு மிஞ்சுகிற இருக்கைகள் கொஞ்சம்தான். விற்பனையும் ஆட்டம் நெருங்கும்போதுதான் தொடங்கும். முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.

வாசலை நம்பிப் போகாதீர்கள். மறுவிற்பனைத் தளங்களில் சில மாதங்களுக்கு முன்பே 'டிக்கெட் இருக்கிறது' என்று போடுவார்கள். கிளப்பே விற்கத் தொடங்காத டிக்கெட் அவர்கள் கையில் எப்படி இருக்கும்? கிடைத்தால் தருகிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். விலையும் இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

ரியல் மாட்ரிட் வரும்போது போனால் நல்லா இருக்கும்ல?

நல்லாத்தான் இருக்கும், டிக்கெட் கிடைத்தால். ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆட்டங்களுக்கும் பக்கத்து ஊர் அணியான ரியல் சொசியேதாத்துடன் நடக்கும் பாஸ்க் டெர்பிக்கும் உறுப்பினர்கள் இருக்கையை விட்டுக்கொடுப்பது அபூர்வம். மிஞ்சுவதன் விலையும் ஏறியிருக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு சாதாரண ஆட்டம்தான். ஹெதாஃபே வரட்டும், செல்தா வரட்டும், ஒசாசுனா வரட்டும். அப்படி ஒரு நாளில் அரங்கில் இருப்பவர்கள் வாராவாரம் வருகிறவர்கள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் அடுத்தடுத்து இருக்கை இருக்கும். எதிரணி நட்சத்திரத்தைப் படம் எடுக்க வந்த கூட்டம் இருக்காது. சான் மமேஸ் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

எந்தப் பக்கம் உட்காருவது நல்லது?

ஆட்டம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் நீளவாக்கில் மேல்தளம். சரிவு செங்குத்தாக இருப்பதால் மேலே இருந்தாலும் மைதானம் தூரமாகத் தோன்றாது. ஓட்டப் பாதை கிடையாது என்பதால் கீழ்த்தள முன் வரிசைக்காரர்களுக்கு வீரர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் அங்கிருந்து எதிர்ப்பக்கம் நடப்பது சரியாகப் புரியாது.

கோல்கம்பத்துக்குப் பின்னால், வடக்குக் கீழ்த்தளத்தில், முழு ஆட்டத்தையும் நின்றுகொண்டே பாடிப் பார்க்கிறவர்கள் கூடுவார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களும் உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்களும் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா எப்படி? லண்டனில் இருக்கிற தம்பி கூட வருகிறான்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். ஸ்பெயினில்தான் அதிக நாள் தங்குகிறீர்கள் என்றால் ஸ்பெயினுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆட்டத்தின் டிக்கெட் கையில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. மேலே சொன்ன காரணத்தால் அந்தச் சமயத்தில் அது உங்களிடம் இருக்கவும் இருக்காது.

தம்பியிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். லண்டனில் இருந்தாலும் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் அவனுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டன் விசா அங்கே செல்லாது.

விமான நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு எப்படிப் போவது?

இதைவிடச் சுலபமான அரங்கம் ஸ்பெயினில் குறைவு. விமான நிலையத்திலிருந்து வரும் பிஸ்காய்பஸ் பேருந்து மொயுவா சதுக்கம் வழியாக வந்து பில்பாவோ இன்டர்மோடல் பேருந்து நிலையத்தில் முடியும். அந்த நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அரங்கம் கண்ணெதிரே. மெட்ரோவில் சான் மமேஸ் என்றே நிலையம் இருக்கிறது. இரண்டு முக்கியப் பாதைகளும் அங்கே நிற்கும். பழைய நகரத்தில் தங்கியிருந்தால் அங்கிருந்து நான்காவது நிறுத்தம். டிராமும் வருகிறது. பாரிக் என்ற அட்டையை வாங்கிக்கொண்டால் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும்.

நான் சொல்வது, ஆட்ட நாளில் சான் மமேஸ் நிலையத்தில் இறங்காதீர்கள். ஒரு நிறுத்தம் முன்னால் இந்தௌச்சுவில் இறங்குங்கள். ஏன் என்று அடுத்த பதிலில்.

ஆட்டம் ஒன்பது மணிக்கு. எட்டரைக்குப் போனால் போதாதா?

இருக்கையில் உட்கார அது போதும். ஆனால் வந்ததில் பாதி போய்விடும். இந்தௌச்சு பக்கத்திலிருந்து அரங்கம் வரை லிசென்சியாதோ போசா என்று ஒரு தெரு ஓடுகிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாகப் போசாஸ் என்பார்கள். இருபுறமும் பார்கள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கூட்டம் பார்களுக்குள் கொள்ளாமல் தெருவில் வழியும். சிவப்பு வெள்ளைத் துண்டு கழுத்தில், கையில் கிளாஸ். ஒரு பாரில் ஒரு மிடறு, அடுத்த பாரில் இன்னொன்று என்று மெல்ல மெல்ல அரங்கத்தை நோக்கி நகர்வார்கள். தெருவின் கோடியில் அரங்கத்தின் முகப்பு தெரிந்துகொண்டே இருக்கும். இரவு ஆட்டமென்றால் அது சிவப்பாக ஒளிரும்.

கூட்டத்தில் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். பார் கவுன்டரில் முழங்கை வைக்க இடம் கிடைத்தவுடன் 'சுரிட்டோ' என்றால் சின்ன கிளாஸில் பீர் வரும். சிவப்பு ஒயினில் கோலா கலந்த கலிமொச்சோவை இளவட்டங்கள் பிளாஸ்டிக் கப்பில் ஏந்தித் திரிவார்கள். பச்சைச் சாயலும் லேசான புளிப்பும் உள்ள உள்ளூர் வெள்ளை ஒயினுக்குச் சாகோலி என்று பெயர். குடிக்காதவர்களுக்கு மோஸ்தோ என்று திராட்சைச் சாறு கிடைக்கும், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பின்ச்சோ என்கிற சின்னச் சின்னத் தின்பண்டங்களைச் சாப்பிட்டால் பல பார்களில் எண்ணிக்கையை நீங்களே வைத்துக்கொண்டு கிளம்பும்போது சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். அந்த நெரிசலிலும் நம் வார்த்தையை நம்புகிறார்கள்.

சைவத்துக்கு என்ன கிடைக்கும்? முட்டை சாப்பிடுவேன்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பிழைத்தீர்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துக் கனமாகச் சுட்ட தோர்தியா எல்லா பாரிலும் இருக்கும். உள்ளே ஹாம் (பன்றி இறைச்சி) வைத்தும் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கெர்னிகா மிளகாயை எண்ணெயில் வதக்கி உப்புத் தூவித் தருவார்கள். பெயர்தான் மிளகாய், நமக்கு அது காரமே இல்லை. காளான், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது மீன். ஆலிவும் ஊறவைத்த பச்சை மிளகாயும் குச்சியில் கோத்திருக்கும் ஹில்டாவைப் பார்த்தால் சைவம் மாதிரித் தோன்றும். நடுவே நெத்திலி போன்ற ஆன்சோவி இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் மீனும் ஹாமும் இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே மறுத்துவிடுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் ஆட்டத்துக்கு முன்பே பழைய நகரத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

உள்ளே பீர் விற்பார்களா? சாப்பாடு கொண்டுபோகலாமா?

உள்ளே கிடைப்பது ஆல்கஹால் இல்லாத பீர். விளையாட்டரங்குகளில் வன்முறைக்கும் இனவெறிக்கும் எதிரான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பெயின் முழுவதும் அரங்கத்துக்குள் மதுவைத் தடை செய்கிறது. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தால் திருப்பி அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. போசாஸில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சிக்கல் இல்லை. இடைவேளை விசில் ஊதியதும் அரங்கம் முழுக்க ஒரே சரசரப்பு கேட்கும், அலுமினியத் தாளைப் பிரிக்கிற சத்தம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த போக்கதியோ, அதாவது நீள ரொட்டிக்குள் தோர்தியாவோ ஹாமோ வைத்தது, மடியில் விரியும். அதன்பிறகு சூரியகாந்தி விதை. முன் வரிசைக்காரர் காலடியில் ஓடு குவிந்துகிடக்கும். நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றமான ஆட்டத்தில் பல்லுக்கு வேலை வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியை வாசலில் கழற்றச் சொல்லலாம், கண்ணாடி பாட்டிலும் கேனும் கூடாது.

பெட்டியோடு வருகிறேன். எங்கே வைப்பது?

பயணப் பெட்டியை அரங்கத்துக்குள் விட மாட்டார்கள். அறையில் வைத்துவிட்டு வருவதுதான் உத்தமம். அன்றைக்கே வந்து அன்றைக்கே கிளம்புகிறவர்கள், மேலே சொன்ன இன்டர்மோடல் நிலையத்தில் பொருள் வைப்பிடம் இருக்கிறது, ஆனால் அது எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டுக்கொண்டு வையுங்கள். ஒன்பது மணி ஆட்டம் முடிய பதினொன்று ஆகும்.

அங்கே மழை அதிகமாமே?

அதிகம்தான். ஊசித்தூறலாக மணிக்கணக்கில் பெய்யும், சிரிமிரி என்பார்கள். அரங்கத்தின் கூரையை 2016-இல் நீட்டியபிறகு இருக்கைகளில் நனைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் போசாஸில் நனைவீர்கள். நீளக் குடையை விட, தலைமூடி வைத்த மழைச்சட்டை நல்லது.

நம்மூர் மாதிரி விசிலடிக்கலாமா?

வேண்டாம். நல்லவேளை கேட்டீர்கள். நமக்கு விசில் என்றால் கொண்டாட்டம், சேப்பாக்கம் அதற்குச் சாட்சி. ஸ்பெயினில் விசில் என்றால் கண்டனம். நடுவரின் தீர்ப்பு பிடிக்கவில்லை, எதிரணி நேரம் கடத்துகிறது, சொந்த அணியே சொதப்புகிறது, இதற்கெல்லாம்தான் விசில். அத்லெடிக் கோல் போட்டதும் நீங்கள் உற்சாகமாக விசிலடித்தால் பக்கத்தில் இருப்பவர் குழம்பிவிடுவார். அதேபோல் ஒரே சமயத்தில் ஏராளமானோர் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டினால் அது வாழ்த்து இல்லை, கோபம்.

மகிழ்ச்சியைக் கைதட்டிக் காட்டுங்கள், பாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். யாரோ ஒருவர் நீட்டி 'அத்லெ...டிக்' என்று குரல் கொடுப்பார், சுற்றியிருப்பவர்கள் 'எயுப்' என்று பதில் கொடுப்பார்கள். அது மட்டும் தெரிந்தால் போதும், நீங்களும் அவர்களில் ஒருவர். நன்றாக ஆடிய எதிரணி வீரருக்கும் இங்கே கைதட்டு விழும். வாழ்நாள் முழுக்க ஒரே கிளப்பில் ஆடியவர்களுக்கு அத்லெடிக் 2015 முதல் தனியாக ஒரு விருதே கொடுக்கிறது. மத்தேயு லெ திசியே, பாவுலோ மல்தினி, கார்லெஸ் புயோல் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். புயோல் இங்கே எதிரணிக்காரராக ஆடியவர்தான். வாங்க வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

நான் எதிரணி ரசிகன். என் அணி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போகலாமா?

பொதுவாகப் போகலாம். ஸ்பெயினில் வெளியூர் ஆட்டத்துக்குப் பெருங்கூட்டமாகப் போகும் வழக்கம் இங்கிலாந்து அளவுக்கு இல்லை. லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களை ஆங்காங்கே, உள்ளூர்க்காரர்களுக்கு நடுவிலேயே பார்க்கலாம். போசாஸில் எதிரணிச் சட்டையோடு நின்றால் கிண்டல் வரும், கூடவே ஒரு கிளாஸும் வரும். மேலே சொன்ன வடக்குக் கீழ்த்தளத்தில் மட்டும் அந்தச் சட்டை வேண்டாம்.

ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் வேறு கதை. வெளியூர் கிளப்புக்கென்று ஒதுக்கிய பகுதியில் உங்கள் கிளப் வழியாக வாங்கிய டிக்கெட்டில்தான் போக வேண்டும். நுழைவு வாசல் தனி, சோதனை அதிகம். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலையும் வரை உங்களை உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். எர்ச்சாயின்சா என்கிற பாஸ்க் காவல்துறை சொல்லும்போதுதான் கிளம்ப முடியும். அந்த இரவே கடைசிப் பேருந்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். ஒதுக்கிய பகுதியில் இடமில்லை என்று உள்ளூர்ப் பகுதியில் டிக்கெட் வாங்கியிருந்தால் ஜெர்சியைப் பையில் வையுங்கள்.

டெர்பிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது! சண்டை வருமா?

ரியல் சொசியேதாத்துடன் நடக்கும் டெர்பிதானே? கொடுத்துவைத்தவர். ஒரே குடும்பத்தில் அப்பா நீல வெள்ளை, மகள் சிவப்பு வெள்ளை என்று கைகோத்துப் போவதை அங்கே பார்க்கலாம். ஆட்டத்துக்கு முன் ஒரே பாரில் இரண்டு சட்டைகளும் கலந்து நிற்கும். கத்தல் தொண்ணூறு நிமிடம்தான்.

ஸ்பெயின் தேசிய அணி ஜெர்சி வாங்கி வைத்திருக்கிறேன். அதையே போடட்டுமா?

சட்டப்படி யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் இது இடம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். ஊரில் பலர் தங்களை முதலில் பாஸ்க் என்றுதான் நினைக்கிறார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் கொடியான இக்குரிஞாவைத் தடைசெய்திருந்தார்கள். அவர் இறந்து ஓராண்டு கடந்தும் அது சட்டப்படி அனுமதிக்கப்படாமல் இருந்தபோது, 1976 டிசம்பர் 5 அன்று சான் செபாஸ்டியானில் நடந்த டெர்பியில், அத்லெடிக் கோல்கீப்பர் இரிபாரும் சொசியேதாத் கேப்டன் கோர்த்தபாரியாவும் அந்தக் கொடியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மைதானத்துக்குள் எடுத்து வந்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன நட்புக்கு இதுவும் ஒரு வேர். அந்த ஆட்சியில் கிளப்பின் பெயரையே ஸ்பானியமாக்கி 'அத்லெடிகோ தெ பில்பாவோ' என்று வைத்திருந்தார்கள், 1972-இல்தான் பழைய பெயர் திரும்பியது.

அதனால் கடையில் ஒரு சிவப்பு வெள்ளைத் துண்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரசியலில் நீங்களாகப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடங்கினால் காது கொடுங்கள், நிறைய தெரிந்துகொள்ளலாம்.

பாஸ்க் மொழி தெரியாதே, சமாளிக்க முடியுமா?

ஸ்பானியம் எல்லாருக்கும் தெரியும், இளைஞர்களுக்கு ஓரளவு ஆங்கிலமும். ஆனாலும் உள்ளே நுழையும்போது 'கைஷோ', கிளம்பும்போது 'எஸ்கெரிக் அஸ்கோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். முதலாவது வணக்கம், இரண்டாவது நன்றி. நண்பர்களுக்குள் 'அவுப்பா' போதும்.

அரங்கச் சுற்றுலாவுக்கும் போக வேண்டுமா? ஆட்டம் பார்த்தால் போதாதா?

நேரம் இருந்தால் போங்கள், ஆனால் ஆட்ட நாளில் வேண்டாம். அன்றைக்குச் சுற்றுலா நேரம் குறையும், சில பகுதிகளை மூடிவிடுவார்கள். முதல் நாளோ மறுநாளோ பாருங்கள். அருங்காட்சியகம் அரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

நான் முதலில் காட்டச் சொல்வது பிச்சிச்சியின் மார்பளவுச் சிலையை. ரஃபாயெல் மொரேனோ அரான்சாதி என்பது அவர் பெயர். 1913-இல் பழைய சான் மமேஸ் திறந்தபோது அங்கே முதல் கோலைப் போட்டவர். 1922-இல் முப்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். ஓர் அணி முதன்முறையாகச் சான் மமேஸில் ஆட வரும்போது அதன் கேப்டன் அந்தச் சிலைக்கு மலர் வைப்பது வழக்கம். லா லிகாவில் அதிக கோல் போடுகிறவருக்குக் கொடுக்கும் பிச்சிச்சி விருது இவர் பெயரில்தான். அத்லெடிக்கின் இன்னொரு முன்கள வீரர் சர்ரா, லீக்கில் 251 கோல் போட்டவர். அந்தச் சாதனையை 2014-இல் மெஸ்ஸி வந்துதான் தாண்டினார்.

அரங்கத்தைக் 'கதீட்ரல்' என்கிறார்கள், வீரர்களைச் 'சிங்கங்கள்' என்கிறார்கள். என்ன கதை?

சான் மமேஸ் ஒரு புனிதரின் பெயர். ரோமானியர்கள் அவரைச் சிங்கங்களுக்கு இரையாகப் போட்டார்கள், சிங்கங்கள் அவரைத் தொடவில்லை என்பது ஐதீகம். அவருக்கு ஒரு சிற்றாலயம் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓர் அறநிலையத்துக்குள் இருக்கிறது. அரங்கத்துக்கு அவர் பெயர், வீரர்களுக்குச் சிங்கத்தின் பெயர். கதீட்ரல் பட்டம் ரசிகர்கள் பக்தியில் கொடுத்தது.

பழைய அரங்கம் இப்போது எங்கே? எதுவுமே மிச்சமில்லையா?

புதியது 2013 செப்டம்பரில் திறந்தது, செல்தாவோடு முதல் ஆட்டம். பழையதும் புதியதும் பாதி ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் இருந்ததால், முதலில் மூன்று பக்கங்களைக் கட்டினார்கள். பழையதை இடித்தபிறகுதான் நான்காவது பக்கத்தைக் கட்ட முடிந்தது. அதனால் முதல் சீசன் முழுக்க ஒரு பக்கம் திறந்தே கிடந்தது.

பழைய முதன்மைக் கூரையைத் தாங்கிய பெரிய வெள்ளை வளைவை மட்டும் லெசாமாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய நகரத்திலிருந்து எவுஸ்கோத்ரென் ரயிலில் ஏறினால் கடைசி நிறுத்தம் லெசாமா. முதல் அணியின் பயிற்சியைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். சிறுவர் அணிகளின் ஆட்டம் வார இறுதியில் கண்ணில் படும்.

பெண்கள் அணி ஆட்டமும் சான் மமேஸில் நடக்குமா?

வழக்கமாக லெசாமாவில். பெரிய ஆட்டங்களுக்குச் சில சமயம் இங்கே கொண்டுவருவார்கள். 2019 ஜனவரி 30 அன்று அத்லெடிகோ மாட்ரிட்டுடன் நடந்த கோப்பை ஆட்டத்துக்கு 48,121 பேர் வந்தார்கள், வேலைநாள் இரவில். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் விடாதீர்கள், டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும்.

கோப்பை ஜெயித்தால் ஆற்றில் படகு விடுவார்களாமே, அதைப் பார்க்க முடியுமா?

ஜெயித்தால் பார்க்கலாம்! கபார்ரா என்கிற சரக்குப் படகில் வீரர்களை ஏற்றி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் விடுவார்கள். 1984-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அது நடக்கவேயில்லை. ஒரு தலைமுறை அதைக் கதையாகக் கேட்டே வளர்ந்தது. 2024 ஏப்ரலில் செவியாவில் மயோர்காவைப் பெனால்டியில் வென்று கோப்பா தெல் ரே வாங்கியதும் படகு மறுபடி இறங்கியது. இரு கரைகளிலும் பாலங்களிலும் லட்சக்கணக்கில் மக்கள். ஆட்டம் இல்லாத நாளில் நம்மூர் ஆட்கள் போய் 'அந்தப் படகு எங்கே?' என்று கேட்கிறார்கள். ஆற்றோரக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அரங்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடுமே, அறைக்குத் திரும்ப வண்டி கிடைக்குமா?

வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடும். மற்ற நாட்களில் கடைசி வண்டி நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். ஊர் சின்னது. மொயுவா பக்கமோ இந்தௌச்சு பக்கமோ அறை எடுத்தால் நடந்தே போகலாம். முடிந்த கையோடு நிலையத்துக்கு ஓடாதீர்கள், வரிசை படிக்கட்டு வரை நிற்கும். போசாஸில் ஒரு சுரிட்டோ குடித்து முடிப்பதற்குள் அது கரைந்துவிடும்.

ஒரே பயணத்தில் இரண்டு அரங்கம் பார்க்க முடியுமா?

பாஸ்க் பகுதியின் வசதியே அதுதான். சான் செபாஸ்டியான் பேருந்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், சொசியேதாத்தின் அரங்கம் அங்கே. விதோரியாவில் அலவேஸ், அது இன்னும் பக்கம். சான் செபாஸ்டியான் போகும் வழியில் எய்பார் இருக்கிறது. சில ஆயிரம் இருக்கைகள் மட்டுமே உள்ள இபுருவா அரங்கம், மலைச்சரிவில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே சொருகிவைத்த மாதிரி. அங்கே டிக்கெட் கிடைப்பதும் சுலபம். கொஞ்சம் தள்ளிப் பம்ப்லோனாவில் ஒசாசுனாவின் எல் சதார்.

அத்லெடிக்கும் சொசியேதாத்தும் ஒரே வார இறுதியில் சொந்த ஊரில் ஆடுவது அடிக்கடி அமையாது. அட்டவணையில் அத்லெடிக் வீட்டு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கில் யார் அந்த வாரம் சொந்த ஊரில் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். ஆனால் நாளும் மணியும் உறுதியாகும் வரை இரண்டாவது டிக்கெட்டை வாங்காதீர்கள். இரண்டு ஆட்டத்தையும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு வைத்துவிடவும் கூடும்.